மதிலில் தொங்கும் பெனர்

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் எங்கள் பக்கத்துப் பாடசாலை மதில்களெல்லாம் பெனர்தான். 'சித்தி நூறு வீதம்' என்ற ஒன்றைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள்: "ராத்தா, மகன முதலாம் வகுப்புக்கு எதில போடுறது? ஊர் ஸ்கூலா, டவுனா?" அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெனரை வாசிக்கப் பழக வேண்டும். பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. 70 எடுத்தாலே சித்தி என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் உதவிப்பணத்துக்கு வேண்டியது வெட்டுப்புள்ளி. அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். வழமையாக 70இன் இரு மடங்குக்குக் கிட்ட நிற்கும். நூறு வீதமும் எந்தக் கோட்டைத் தாண்டியது, எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைப் பெனர் சொல்லாது.

சின்னப் பாடசாலைக்கு இந்த வீதக் கணக்கு பெரிய அநியாயம். ஒரு பேச்சுக்கு, ஆறு பிள்ளைகள் எழுதி ஒருவர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் 17 வீதம். அடுத்த வருடம் ஆறில் இருவர் தாண்டினால் 33. பாடசாலை இரு மடங்கு திறமாகிவிட்டதா? ஒரு பிள்ளை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பரீட்சையன்று அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் திரும்பவும் 17. 120 பேர் எழுதுகிற பாடசாலையில் ஒரு பிள்ளையின் காய்ச்சல் ஒரு வீதத்தைக்கூட அசைக்காது. ஆகவே ஐந்தாறு வருடங்களைச் சேர்த்துப் பார்க்காமல் இரண்டையும் ஒப்பிடுவது வீண். அப்படிப் பார்த்தாலும் டியூசன் வகுப்பு உழைத்த புள்ளி எது, பாடசாலை உழைத்த புள்ளி எது என்று பிரிக்க முடியாது.

"அப்ப எதப் பாக்கிறது?" என்றாள்.

சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, அதிபரிடம் கேட்டுக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குள் போ என்றேன். முன்பு காணாத ஒரு பக்கத்தைக் கொடுத்து, கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லிப் பார். முன்வாங்குப் பிள்ளை எந்தப் பாடசாலையிலும் வாசிக்கும். கொப்பிகளைப் புரட்டு, திருத்தியிருக்கிறதா, சும்மா சரி போட்டிருக்கிறதா? பிள்ளை "உம்மா ஆணம் ஆக்கின" என்றால் டீச்சர் சிரிக்கிறாரா, கேட்கிறாரா என்றும் கவனி. (ஆணம் நல்ல தமிழ்ச் சொல். அதைப் பிழையென்று சிவப்பு மையால் வெட்டிய கொப்பிகளைக் கண்டிருக்கிறேன்.) வீட்டுப் பேச்சுக்கு வெட்கப்பட்ட பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது.

ஊர்ப் பாடசாலையின் குறையையும் மறைக்கவில்லை. அங்கே ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைப் பார்க்கிறார். அதற்குக் காரணம் நாங்களும்தான். ஆசிரியர் எண்ணிக்கை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. பத்துப் பிள்ளைகள் வேனில் ஏறினால் ஓர் ஆசிரியருக்கு இடமாற்றம் வரலாம், வகுப்புகள் சேரும், அதைக் காட்டி இன்னும் ஐந்து பேர் வேனில் ஏறுவார்கள். கடைசியில் மிஞ்சுவது வேன் காசு கட்ட ஏலாத வீட்டுப் பிள்ளைகள்.

இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. என் மூத்தவனை நானும் வேனில்தான் அனுப்பினேன். காலை ஆறு மணிக்கு அரைத் தூக்கத்தில் ஏறுவான்; மூன்றாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தான். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான் என்பது எனக்கே வருடக் கடைசியில்தான் தெரியவந்தது.

தங்கச்சி போன கிழமை ஊர்ப் பாடசாலைக்குப் போயிருக்கிறாள். "ரெண்டு வகுப்புக்கும் ஒரே டீச்சர்தான் ராத்தா. ஆனா கொப்பி எல்லாம் திருத்திருக்கு" என்றாள். விண்ணப்பப் படிவம் இரண்டும் இன்னும் அவள் வீட்டு மேசையில்தான் கிடக்கின்றன.