சூடானால் எரியும் விளக்கு... சின்ன டிரான்சிஸ்டருக்கு வெப்பம் தெரிவது எப்படி?

மே மாத வெயிலில் மேப் பார்த்துக்கொண்டே பைக்கில் போகிறீர்கள். திடீரென 'போன் சூடாகிவிட்டது' என எச்சரிக்கை வருகிறது. சுடுவது போனுக்கு எப்படித் தெரிந்தது?

பனிமலர் பொறியியல் கல்லூரி இருக்கும் நசரத்பேட்டை பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சில ரூபாய் டிரான்சிஸ்டரிலேயே விடை இருக்கிறது.

பலவீனமே பலம்!

1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், மின்சாரத்துக்கான குழாய் போன்றது. அதற்கு கலெக்டர், பேஸ், எமிட்டர் என மூன்று கால்கள். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சுமார் 0.65 வோல்ட் கிடைத்தால் குழாய் திறக்கும். ஆனால் சூடு ஒரு டிகிரி ஏறினால், தேவைப்படும் வோல்ட்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஆம்ப்ளிஃபையர் செய்பவர்களுக்கு இது தலைவலி. சென்சார் செய்பவர்களுக்கோ வரம்!

நீங்களே செய்யலாம்

தேவையானவை: பிசி547 டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, எல்.இ.டி, 470 ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 1 கிலோ ஓம் பிரீசெட். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும்.

* பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 10 கிலோ ஓம், அடுத்து பிரீசெட், பிறகு மைனஸ். பிரீசெட்டின் நடுக்காலை பேஸில் இணையுங்கள்.
* எமிட்டர் மைனஸுக்கு.
* பிளஸ்ஸிலிருந்து 470 ஓம், எல்.இ.டி வழியாக கலெக்டருக்கு. எல்.இ.டி-யின் நீளக் கால் பிளஸ் பக்கம் இருக்கட்டும்.

விளக்கு அணையும் இடம்வரை பிரீசெட்டைத் திருகி நிறுத்துங்கள். இப்போது சூடான காபி டம்ளரை டிரான்சிஸ்டரில் ஒட்டிவையுங்கள். பேஸுக்கு வரும் வோல்ட்டேஜ் மாறவில்லை. டிரான்சிஸ்டரின் தேவைதான் குறைந்தது. விளக்கு மெல்ல ஒளிரும்!

ஆனால் உஷார்!

இதை நம்பி ஃபிரிட்ஜில் இன்சுலின் வைக்காதீர்கள். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி தேவை. பேட்டரி 9-லிருந்து 8.5 வோல்ட்டுக்கு இறங்கினாலே பேஸ் வோல்ட்டேஜும் குறையும். விளக்கு எரிய வேண்டிய வெப்பநிலை சுமார் 18 டிகிரி தள்ளிப்போகும். மருந்து கெட்ட பிறகும் விளக்கு எரியாமலே இருக்கும்!

இதற்குத்தான் எல்எம்35 போன்ற சென்சார் சிப்கள். உள்ளே இருப்பதும் டிரான்சிஸ்டர்கள்தான். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் எனக் கணக்காகச் சொல்லும். 38 டிகிரி என்றால் 0.38 வோல்ட். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் கணக்கு மாறாது.

உங்கள் போனின் பிராசஸருக்குள் சூட்டை அளப்பதும் இதே குணம்தான். அடுத்த முறை எச்சரிக்கை வந்தால், போனை நிழலில் வையுங்கள்!