உங்களுக்குத் தெரியுமா? எஸ்கலேட்டர் பெற்ற பிள்ளை

‘பதில் வரலையா? மேனேஜருக்கு எஸ்கலேட் பண்ணிடு!’ ஐ.டி. அலுவலகங்களில் அன்றாடம் காதில் விழும் வசனம் இது. இந்த எஸ்கலேட்டில் இருந்துதான் எஸ்கலேட்டர் வந்திருக்கும் என்று தோன்றும். உண்மை தலைகீழ்! முதலில் வந்தது இயந்திரம். அதன் வாலை நறுக்கி 1920களில் வினைச்சொல் ஆக்கினார்கள். எஸ்கலேட்டரில் ஏறிப் போவது என்பதுதான் அப்போது அதற்குப் பொருள். போர் படிப்படியாக முற்றுவது என்ற பொருள் பனிப்போர்க் காலத்தில் ஒட்டிக்கொண்டது. வியட்நாம் போர்ச் செய்திகள் அதைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பின. ஆபீஸ் புகாருக்கு வந்தது அதற்கும் பிறகு.

லத்தீனில் ‘ஸ்காலா’ என்றால் ஏணி, படிக்கட்டு. பிள்ளைகள் கோடு போடும் ஸ்கேலுக்கும் அதுவே மூலம். கோட்டை மதிலில் ஏணி சாத்தி ஏறித் தாக்குவதை ‘எஸ்கலேடு’ என்பார்கள். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இனி இயந்திரத்தின் கதை. 1896இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஜெஸ்ஸி ரெனோ என்பவர் ஓடவிட்ட இயந்திரத்தில் படியே கிடையாது. சாய்வாக ஓடும் ஒரு பட்டை, அவ்வளவுதான். ஏறிய உயரம் சுமார் 7 அடி. வேடிக்கை சவாரியாகவே அதில் ஏறினார்கள்.

1898இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் நகரும் பட்டை வைத்தபோது, மேலே போய்ச் சேர்ந்தவர்களின் படபடப்பு தணிய பிராந்தி கொடுத்தார்களாம். நம் ஊர் மால்களில் முதல் படியில் கால் வைக்கத் தயங்கி நிற்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

எஸ்கலேட்டர் என்று பெயர் சூட்டியவர் அமெரிக்கரான சார்லஸ் சீபெர்கர். ஓட்டிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் செய்த படிக்கட்டு 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. பெயரையும் வணிகக் குறியாகப் பதிவு செய்துவிட்டார்கள். அப்புறம் அது ஓட்டிஸ் கைக்கு வந்தது. வேறு எந்தக் கம்பெனியும் தன் நகரும் படிக்கட்டை அந்தப் பெயரில் விற்க முடியாமல் இருந்தது.

அந்த உரிமையை ஓட்டிஸே கெடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை. தன் விளம்பரங்களில் ‘ஓட்டிஸ் எலிவேட்டர்கள், எஸ்கலேட்டர்கள்’ என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதியது. ஹாட்டன் என்ற போட்டிக் கம்பெனி அந்த விளம்பரங்களையே சாட்சியாகக் காட்டியது. உரிமையாளரே பொதுப்பெயராகப் புழங்கினால் தனி உரிமை எதற்கு என்று 1950இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் பதிவை ரத்து செய்தது. அமெரிக்காவில் இதே கதி ஆஸ்பிரினுக்கு முன்பே நேர்ந்திருந்தது. தெர்மாஸுக்குப் பின்னால் நேர்ந்தது.