கேட்டால் என்ன?

அயர்லாந்து எழுத்தாளர் சாலி ரூனியின் ‘நோர்மல் பீப்பிள்’ 2018இல் வெளிவந்தது. வாசித்தவர்கள் பலருக்கு அதன் நாயகன் கொனல் மீது கோபம். டப்ளினில் படிக்கும்போது உணவக வேலைநேரம் குறைந்து, வாடகை கட்ட வழியற்றுப் போகிறான். காதலி மரியானின் வீட்டில் தங்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. ஊருக்குப் போகிறேன் என்கிறான். அவளோ அதைப் பிரிவென்று எடுத்துக்கொள்கிறாள்.

வாயைத் திறந்து கேட்டால் என்ன, கதையை இழுக்கத்தானே இந்தக் குழப்பம் என்று எரிச்சல் வருவது நியாயம்தான். எனக்கும் வந்தது. ஆனால் கொனலின் தாய், ஊரில் மரியான் வீட்டைத் துப்புரவு செய்து சம்பளம் வாங்குபவர். அந்த வீட்டுப் பிள்ளையிடம் தங்க இடம் கேட்பது அவனுக்குக் கைநீட்டுவது மாதிரி. மரியானுக்குப் பணம் ஒரு பொருட்டேயில்லை. அவனுடைய வெட்கம் அவள் கண்ணில் படவேயில்லை.