மேசைமேல் ஒரு விமானியறை

பெரும்பாலான கணினி விளையாட்டுகள் ஆடுபவரைச் சில நிமிடங்களுக்குள் வல்லவராக்கிவிட முயல்கின்றன. போர் விமான சிமுலேட்டர் என்னும் வகையோ, விமானத்தை ஓடுதளத்தில் நேராக ஓட்டி மேலே கிளப்புவதையே முதல் நாளின் சாதனையாக வைத்திருக்கிறது. சிமுலேட்டர் என்பது உண்மையான ஓர் இயந்திரம் எப்படி நடந்துகொள்ளுமோ அதைக் கணக்கீட்டின் வழியே போலச்செய்து காட்டும் அமைப்பு. சுடுவதை மட்டும் குறியாகக் கொண்ட விளையாட்டில் விமானம் திரையில் நகரும் ஒரு படமாக இருந்தாலே போதும். சிமுலேட்டரில் இறக்கைமீது பாயும் காற்று, குறைந்துகொண்டே வரும் எரிபொருளின் எடை, எஞ்சினின் வெப்பம் ஆகியவை ஒவ்வொரு நொடியும் பலமுறை கணக்கிடப்பட்டு, அதன் விளைவே விமானத்தின் அசைவாகத் திரையில் தெரிகிறது. இத்தனை கடினமான ஒரு வகை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பதற்குக் காரணம், அது தன் கடினத்தை மறைக்காமல், அதைத் தவணை தவணையாகக் கற்கும்படி பிரித்து வைத்திருப்பதே.

இதன் மூலத்தை விமானிகளின் பயிற்சிக்கூடத்தில்தான் தேடவேண்டும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத் தொழிலில் இருந்த எட்வின் லிங்க், ஆர்கனின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு சாயவும் திரும்பவும் கூடிய ஒரு பயிற்சிப் பெட்டியை 1929-இல் உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் விமானிகளில் பெரும்பகுதியினர் அத்தகைய பெட்டிக்குள் அமர்ந்தே கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகினர். கணினி வீட்டுக்குள் வந்தபோது புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் கணினிக்காக எழுதிய பறத்தல் நிரலிலேயே முதல் உலகப்போர்க் கால வான்சண்டை ஒன்றும் சேர்ந்திருந்தது. போர் விமான சிமுலேட்டர்களை வெளியிட்ட, 1982-இல் தொடங்கிய மைக்ரோபுரோஸ் நிறுவனத்தின் இரு நிறுவனர்களில் ஒருவரான பில் ஸ்டீலி முன்னாள் விமானப்படை விமானி. மற்றவர் பிற்காலத்தில் விளையாட்டு வடிவமைப்பாளராகப் பெரும்புகழ் பெற்ற சிட் மெயர்.

இந்த விளையாட்டுகளின் ஈர்ப்பு துப்பாக்கியில் இருப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவது இயல்பு. உள்ளே சென்றவரைப் பிடித்துவைப்பது ஆற்றலைப் பற்றிய சிந்தனை. உயரத்தில் இருக்கும் விமானம் நிலை ஆற்றலையும், விரைந்து செல்லும் விமானம் இயக்க ஆற்றலையும் கொண்டிருக்கிறது. கீழ்நோக்கிப் பாய்ந்தால் உயரம் வேகமாகிறது, மேல்நோக்கி ஏறினால் வேகம் உயரமாகிறது, கூர்மையாகத் திரும்பினால் இரண்டுமே கரைகின்றன. எதிரியின் பின்புறத்தைப் பிடிக்கும் ஆசையில் கட்டுப்பாட்டுப் பிடியை முழுவதும் இழுத்துத் திரும்பும் புதியவர், சில சுற்றுகளிலேயே கையிருப்பு முழுவதையும் செலவழித்து, மெதுவாக மிதக்கும் இலக்காக ஆகிவிடுகிறார். இன்னும் இழுத்தால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறி, காற்று இறக்கையின் மேற்பரப்பைவிட்டுப் பிரிந்து, தூக்குவிசை சட்டெனச் சரிகிறது. ஸ்டால் எனப்படும் இந்நிலையை எஞ்சின் நின்றுபோவதாகப் பலர் தவறாகக் கருதுகின்றனர். எஞ்சின் முழுவீச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது நிகழும். பாடநூலில் வரியாகக் கடந்துபோன இயற்பியல் விதி, இங்கே தோல்விக்கான காரணமாகவும் அடுத்த முயற்சிக்கான கருவியாகவும் மாறுகிறது.

சுடுவதும் அதே வகையில் கணக்குக்கு உட்பட்டது. நொடிக்குச் சுமார் 750 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 300 மீட்டர் தொலைவைக் கடக்க 0.4 நொடி ஆகும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே செல்லும் விமானம் அதற்குள் ஏறத்தாழ 55 மீட்டர் முன்னேறிவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் நீளம் 9 மீட்டர் அளவே என்பதால், அதைப்போல் ஆறு மடங்கு தொலைவுக்கு முன்னால், வெறும் வானத்தில், குறிவைக்க வேண்டியிருக்கிறது. இதை அறிந்தபின் முதல் முறையாக ஓர் இலக்கு தாக்கப்படும்போது எழும் மகிழ்ச்சி, சுட்டதற்காக அன்று, புரிந்ததற்காகவே எழுகிறது.

வரலாறும் இவ்வாறே கைவழியாகக் கற்கப்படுகிறது. 1940-இல் பிரிட்டனுக்கு மேலே நடந்த போரில், ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் மிதவைக் கார்புரேட்டர் வழியே எரிபொருளைப் பெற்றது. விமானத்தின் மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் எரிபொருள் ஓட்டம் குலைந்து எஞ்சின் ஒரு கணம் இருமி அடங்கியது. எரிபொருளை நேராகச் செலுத்தும் அமைப்பு கொண்ட ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானிகள் அப்படி மூக்கைத் தள்ளியே தப்பினர். பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பொறியாளர் 1941-இல் எரிபொருள் வழியில் பொருத்தச் செய்த துளையிட்ட சிறு உலோகத் தட்டு இச்சிக்கலைப் பெரிதும் குறைத்தது. 2011-இல் வெளிவந்த 'ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்: கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' விளையாட்டில் இந்தக் குறை விமானத்தின் நடத்தையிலேயே பதிந்திருக்கிறது. தப்பும் எதிரியைத் துரத்தும்போது எஞ்சின் அடங்கிவிடுவதைக் கண்டவருக்கு, அந்தச் சிறு தட்டின் அருமையை வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை.

எளிதில் அணுகமுடியுமா என்னும் கேள்வி இங்கேதான் எழுகிறது. 1998-இல் வெளியான 'ஃபால்கன் 4.0', எஃப்-16 விமானத்தைக் கற்பிக்க ஏறத்தாழ 600 பக்கக் கையேட்டுடன் வந்தது. கொரியத் தீபகற்பத்தில் ஆடுபவர் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தானே நடந்துகொண்டிருக்கும் ஒரு போரை அது படைத்துக்காட்டியது. அந்தக் கையேட்டைக் கண்டு திரும்பிச் சென்றவர்கள் உண்டு. ஆயினும், இவ்வகை விளையாட்டுகளில் பலவும் மெய்ம்மையைத் தனித்தனிக் கூறுகளாக அமைப்புப் பக்கத்தில் வைத்திருக்கின்றன: ஸ்டாலை நிறுத்திவைக்கலாம், குண்டுகளைத் தீராதவையாக்கலாம், தொலைவில் புள்ளியாகத் தெரியும் விமானத்தின்மீது பெயரை எழுதிக்காட்டச் செய்யலாம், வேகமான திருப்பத்தில் இரத்தம் தலையைவிட்டு இறங்கிப் பார்வை இருள்வதையும் தவிர்க்கலாம். பழகப் பழக ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொள்வதே முறை. இவ்வுதவிகளை ஏமாற்று என்று இகழும் மூத்த ஆட்டக்காரர்கள், தாங்கள் ஏறிவந்த ஏணியை மறந்துவிடுகின்றனர்.

2012-இல் பொதுச் சோதனைக்கு வந்த 'வார் தண்டர்' இன்னொரு வழியைக் காட்டியது. அதில் செல்லவேண்டிய திசையை மவுஸால் சுட்டினால் போதும். சுக்கான்களையும் இறக்கை மடல்களையும் நிரலே அசைத்து விமானத்தை அங்கே திருப்பும். அதே விமானத்தைச் சிமுலேட்டர் நிலையில் எடுத்தால் அந்த உதவி விலகிவிடும். பணம் செலுத்தினால் வேகமாக முன்னேறலாம் என்னும் அதன் தூண்டுதல் வருந்தத்தக்கது. இளையோரின் கையில் அதைக் கொடுக்கும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது. மிகக் கடினமானதாகப் பெயர்பெற்ற 'டிசிஎஸ் வேர்ல்டு' கூட, சுகோய்-25டி தாக்குதல் விமானத்தையும், ஆயுதமற்ற டிஎஃப்-51 மஸ்டாங்கையும், காகசஸ் நிலப்பரப்பையும் இலவசமாகவே தருகிறது. பிற விமானங்கள் தனித்தனி விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் சில முழுநீளப் புதிய விளையாட்டின் விலையைக்கூடத் தாண்டுகின்றன.

கருவிகளைப் பொறுத்தவரை, கட்டுப்பாட்டுப் பிடியான ஜாய்ஸ்டிக் ஒன்று, அதுவும் முறுக்கினால் வால் சுக்கான் இயங்கும்படியானது, தொடக்கத்துக்கு நிறைவானது. விமானியறை போன்ற அமைப்புகளும் கண்ணை மூடும் மெய்நிகர்க் கவசங்களும் பின்னர் ஆசைக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளத்தக்கவை. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும் வசதி மட்டும் வேறுவகைச் சேர்க்கை. பின்னால் வருபவனைக் காணாதவன் வான்சண்டையில் தப்புவதில்லை என்பதால், அது ஆட்டத்தின் தன்மையையே மாற்றுகிறது. சாதாரண வெப்கேமராவைக் கொண்டே இதைச் செய்துதரும் 'ஓப்பன்டிராக்' என்னும் இலவச நிரல், பொருள்வசதி குறைந்தவர்களுக்கு உண்மையான கொடை.

எத்தனை நுட்பமாக அமைந்தாலும் இவ்விளையாட்டுகள் தரமுடியாதவை இரண்டு: உடலை இருக்கையோடு அழுத்தும் எடையும், உயிரச்சமும். 1940-இல் அந்த விமானங்களில் ஏறியவர்களுள் பலர் இருபது வயதைச் சுற்றியிருந்த இளைஞர்கள். அவர்களுக்கு மறுமுயற்சி என்று ஒரு பொத்தான் இருக்கவில்லை. இதை மனத்தில் கொண்டு தொடங்க விரும்புபவர், அதே காலத்தைச் சேர்ந்த உந்துசுழலி விமானம் ஒன்றைத் தேர்ந்து, உதவிகள் அனைத்தையும் வைத்துக்கொண்டு, முதலில் எதிரி எவருமில்லாத வானத்தில் ஏறவும் இறங்கவும் மட்டும் பழகுவது தக்கது.