கழுவேலிக்குப் போவோமா?

விடுமுறை வந்துவிட்டால் மாமல்லபுரத்திற்கோ புதுச்சேரிக்கோ போகலாம் என்றுதான் நம் வீடுகளில் பேச்சு எழும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது வெண்மையாகக் குவிந்து கிடக்கும் உப்பைப் பார்த்து வியந்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். உப்பளங்களுக்கு அப்பால் கழுவேலி என்னும் அழகிய ஏரி இருப்பது பலருக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரியாதலால், அதைப் பற்றி நாங்கள் அறிந்தவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், வானூர் வட்டங்களில் கழுவேலி பரந்து கிடக்கிறது. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளுள் இதுவும் ஒன்று. மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து சேருகிறது. மறுபுறம் ஓர் ஓடையும் கழிமுகமும் இதனை வங்கக் கடலோடு இணைக்கின்றன. ஆகவே ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் உப்புநீர், நடுவில் இரண்டும் கலந்த நீர்! ஆழமோ மிகக் குறைவு. கோடையில் பெரும்பகுதி வற்றிவிடும்.

ஆழமில்லாத ஏரியால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். அதுவே இதன் சிறப்பு. நெடுங்கால் பறவைகள் நின்றபடியே இரை தேட இந்த ஆழம்தான் ஏற்றது. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நீரைச் சலித்துச் சிற்றுயிர்களை உண்ணும். கூழைக்கடா அலகின் கீழுள்ள பையால் மீனை அள்ளும். உள்ளான்கள் சேற்றைக் கிளறிப் புழுக்களை எடுக்கும். இறைவன் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற அலகைக் கொடுத்திருக்கிறார்! வடநாடுகளின் கடுங்குளிருக்குத் தப்பி வரும் பறவைகளை அக்டோபர் முதல் மார்ச் வரை காணலாம்.

பறவைகள் வந்திறங்கும் மழைக்காலத்தில் உப்பளங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. உப்புநீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவைத்தால் உப்பு படிகமாகிறது. அதை வாரிக் கரையில் குவிப்பார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் போதும், பாத்தியிலுள்ள உப்பு கரைந்துவிடும். எங்களுடன் படிக்கும் சிலரின் பெற்றோர் உப்பளத்தில் உழைப்பவர்கள். மழை வந்தால் ஏரிக்கு மகிழ்ச்சி. அவர்கள் வீட்டில் அடுப்பெரியக் கவலை. இத்தகைய தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக 5000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது.

ஏரிக்கும் துன்பங்கள் உண்டு. ஆக்கிரமிப்பும் பறவை வேட்டையும் அதனை நெடுங்காலம் வருத்தின. 2021 டிசம்பரில் 5000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் கழுவேலி இடம்பெற்றது. ஈர நிலங்களைக் காக்க 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கையின்படி அமைந்த உலகப் பட்டியல் அது.

சரணாலயம் என்றால் அடைக்கலம் தரும் இடம். அங்கே பறவைகள்தாம் வீட்டுக்காரர்கள், நாம் விருந்தினர். செல்லுமுன் வனத்துறையினரிடம் அனுமதியும் வழியும் கேட்டறிய வேண்டும். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் செல்வது நல்லது. தொப்பி, குடிநீர், தொலைநோக்கி, குறிப்பேடு ஆகியவை போதும். பளிச்சென்ற நிற உடைகளைத் தவிர்க்கலாம். பாட்டுப் பெட்டியும் பட்டாசும் வேண்டவே வேண்டாம். கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பது பெருந்தவறு. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவை, திரும்பிச் செல்லச் சேர்த்துவைக்கும் வலிமையை வீணே இழக்கும். கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளை மறவாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

வழியில் உப்பளத்திலும் சற்று நின்று, பாத்தியை மிதிக்காமல், உழைப்போரிடம் அன்புடன் நாலு வார்த்தை பேசுங்கள். நம் இலையில் வைக்கும் உப்புக்குப் பின்னால் எத்தனை வெயில் இருக்கிறதென்று அப்போது விளங்கும். உப்பும் பறவையும் ஒரே நீரை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் இக்கரையில், அந்த நீரைக் கெடுக்காமல் காப்பது நம் எல்லோருக்கும் கடமையன்றோ?