தனியே ஒரு பகற்பயணம்

சொந்த வாகனமின்றி மட்டுநகரில் தனியே ஒருநாள் தங்க நேர்ந்தால் எங்கே செல்லலாம்? இடத்தின் அழகோடு திரும்பும் வழியையும் ஆராய்ந்து தெரிதலே அறிவுடைமை என்போம் நாம்.

ஒரு பகல் முழுதும் கிடைப்பின், படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்துக்குச் செல்லலாம். முன்னர் மண்முனைத் துறையில் ஓடத்துக்குக் காத்திருத்தல் வேண்டும். 2014இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்பட்டபின், வாவியை வண்டியிலேயே கடக்கலாம். போர்த்துக்கேயர் முன் புல்லுண்டதாகக் கூறப்படும் கல்நந்தியை அங்கே காணலாம். ஆயினும், மீளும் கடைசிப் பஸ்ஸின் நேரத்தைப் புறப்படுமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.

அரைநாளே உண்டெனில் கல்லடிப் பாலம் போதும். நகருக்கு அணித்தாதலின் நடந்தே செல்லலாம். மாலையில் மீன்பாடும் வாவியின் காற்றை நுகர்ந்து, இருட்டுமுன் நடந்தே மீளலாம். தனிவழி செல்வார்க்கு அதுவே பெருநிம்மதியன்றோ!