இரகசிய எண்ணும் கைநாட்டும்

சென்ற மாதம் தேங்காய்த்திட்டில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்டுவிட்டு, மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் தேநீர் அருந்த நின்றேன். கடையில் வாதம் ஒன்று மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கைப்பேசி மூலம் பணம் கொடுப்பதும் வாங்குவதும் நன்றா, தீதா என்பதே அவ்வாதம்.

"மடியில் இருக்கும் நோட்டை எவனும் டில்லியில் உட்கார்ந்துகொண்டு திருட முடியாது" என்றார், நாற்பது ஆண்டுகள் தறியில் உழைத்த முதியவர் ஒருவர். "சில்லறை இல்லையென்று வாடிக்கைக்காரர் திரும்பிப் போவதை நீங்கள் பார்த்ததில்லையா, தாத்தா?" என்று மடக்கினான் ஓர் இளைஞன். மீன் கூடையுடன் நின்ற அம்மையார் இருவரையும் ஏற்கவில்லை. "பணம் போட்டாயிற்று என்று படத்தைக் காட்டுகிறார்கள், படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பெட்டி வாய்விட்டுச் சொன்னால்தான் மீன்" என்றார். மூவரிலும் விவரமாகப் பேசியவர் அவரே என்பது என் அபிப்பிராயம்.

2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை நடைமுறைக்கு வந்தபின், கியூ.ஆர். அட்டை தொங்காத கடை அரிதாகிவிட்டது. சேலை விற்கும் நெசவாளரும் கீரை விற்கும் விவசாயியும் இம்முறைக்குள் வந்துவிட்டனர். ஆகவே, வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதைவிட, பணம் எவ்வழியில் கைநழுவுகிறது என்று பார்ப்பதே அங்கத்தினர்களுக்குப் பயன் தரும்.

கூட்டுறவுத் துறையில் பணிபுரிவோர் நன்கறிந்த பழைய தீமை ஒன்று உண்டு. தொகை எழுதப்படாத சீட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, "நம் பிள்ளைதானே" என்று ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவது. யு.பி.ஐ. இரகசிய எண் அக்கைநாட்டின் மறு உருவமேயாகும். பணம் கொடுக்கவும், இருப்பைப் பார்க்கவும் அது வேண்டும். பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. "உங்கள் சேலைக்கு முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தைப் படம்பிடித்து எண்ணை அழுத்துங்கள்" என்று எவரேனும் கூறினால், அவர் பணம் அனுப்பவில்லை, எடுக்கிறார்.

ஆயினும், பணம் இழந்தவரெல்லாம் அசட்டையாக இருந்தவர் என்று கூறுவது அநீதி. 2018ஆம் ஆண்டில் நமது புதுச்சேரியிலேயே, ஏ.டி.எம். யந்திரங்களில் திருட்டுக் கருவி பொருத்தி, அட்டைகளின் கறுப்புப் பட்டையிலிருந்த விவரங்களைப் படியெடுத்து, போலி அட்டைகள் மூலம் பணம் பறித்த கூட்டம் பிடிபட்டது. சி.பி.சி.ஐ.டி. போலீசார் அவ்வழக்கை விசாரித்தனர். பறிகொடுத்தவர்கள் எவரிடமும் எண்ணைச் சொன்னவர்கள் அல்லர். பட்டையைப் படியெடுப்பது எளிது. பொன்னிறச் சில்லுள்ள அட்டையைப் படியெடுப்பது கடினம். அதனால்தான் பட்டை மட்டும் உள்ள அட்டைகளை 2018 டிசம்பர் 31க்குள் மாற்றித் தரும்படி ரிசர்வ் பாங்கி கட்டளையிட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புனாவின் காஸ்மாஸ் கூட்டுறவு பாங்கியின் கணினி அமைப்பையே ஊடுருவி, சுமார் 94 கோடி ரூபாயைக் கொள்ளையிட்டனர். அங்கே எந்த அங்கத்தினரைக் குறை கூறுவது?

இவ்விரு வகை நஷ்டங்களையும் பிரித்துப் பார்த்து, 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கி ஒரு விதி வகுத்தது. டிசம்பரில் அதே முறையைக் கூட்டுறவு பாங்கிகளுக்கும் விதித்தது. வாடிக்கையாளரும் பாங்கியும் காரணமாகாத மோசடியானால், செய்தி கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் பாங்கிக்குத் தெரிவித்தவர் நஷ்டம் எதையும் ஏற்க வேண்டியதில்லை. 4 முதல் 7 நாள் வரை என்றால் ஒரு வரம்புக்குட்பட்ட தொகையை மட்டும் ஏற்க வேண்டும். இரகசிய எண்ணைத் தாமே வெளியிட்டவரின் நிலை வேறு. தெரிவிக்கும் வரை நேர்ந்த நஷ்டம் அவருடையது. தெரிவித்தபின் நேர்வது பாங்கியுடையது. எப்படிப் பார்த்தாலும் வாய்திறந்து சொல்லும் நாளே கணக்கில் வருகிறது.

எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், மேலே சொன்ன முன்பண ஏமாற்றில் 11,000 ரூபாயை இழந்தார். மருமகன் சிரிப்பாரே என்று ஒன்பது நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. பிறகு பாங்கிக் கிளைக்கு மூன்று முறை நடந்தும், அவருடைய மனுவுக்கு ஒரு ரசீது கிடைக்கவில்லை. நான்காம் முறை நானும் உடன் சென்றபின்னரே கிடைத்தது. பணம் இன்னும் வரவில்லை. திருட்டுப் பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைவில் மாற்றப்பட்டுவிடும். அது ஏதேனும் ஒரு கணக்கில் தங்கியிருக்கும்போதே 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நிறுத்திவைக்க வழியுண்டு. தொகை, நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஒன்பதாம் நாள் அவ்வழியும் அடைபட்டிருந்தது.

இவற்றையெல்லாம் தேநீர்க் கடையில் சொல்லி முடித்தபோது, "அப்படியானால் நோட்டே உத்தமம் என்கிறீர்கள்" என்றார் முதியவர். வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அவருடைய கூலி பாங்கிக் கணக்குக்கல்லவா வருகிறது? சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். சில்லுள்ள அட்டைதான். அதைப் பொதிந்திருந்த காகித உறையின்மேல், நான்கு இலக்கங்கள் நீல மையில் பெரிதாக எழுதப்பட்டிருந்தன.

"மறந்து போகிறதே, தம்பி" என்றார்.

இளைஞன் சிரித்தான், மீன்கார அம்மையார் அவனை அதட்டினார். முதியவர் என்னுடன் ஏ.டி.எம். யந்திரத்துக்கு வர இசைந்தார். அவர் புதிய எண்ணை அழுத்தும்போது, நான் வாசற்பக்கம் திரும்பி நின்றேன்.